துண்டுக்கு அடியில் ஐந்து விரல்

புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடையில் விலையை வாய்விட்டுச் சொல்லுகிறவன் பிழைக்கமாட்டான். இரண்டு பேர் கை கோத்து மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை. விரலுக்குப் பத்தா, நூறா என்பதை மட்டும் முதலிலேயே வாயால் சொல்லிவிட வேண்டும். அமுக்கினால் வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகும் ஒரு கொசுறு கேட்காதவனை என் அப்பா வியாபாரியாகவே மதித்ததில்லை.

இந்த ஒரே படிப்போடுதான் நான் 1959-ல் தென்காசிக்குத் தந்திப் பயிற்சிக்குப் போனேன். ஒரு மாடியில் பன்னிரண்டு பேர். இயந்திரம் ‘கட்’ என்றால் புள்ளி, ‘கடா’ என்றால் கோடு. காதில் விழுந்ததைக் கை எழுத வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் கைலாசம் சார், ஓய்வுபெற்ற தந்திக்காரர்.

என் மேசைக் கூட்டாளி நம்பிராஜன். விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. அண்ணன்மார் மூவரும் போலீஸ். இவனுக்கு உயரம் இரண்டு அங்குலம் போதாததால் தந்தி. எங்களில் கெட்டிக்காரன் அவன்தான். தேர்வு நெருங்க நெருங்க அவன் காது மூடாமல் போயிற்று. ஜட்கா வண்டிக் குதிரையின் குளம்புச் சத்தத்தையும் எழுதினான், ஓட்டிலிருந்து சொட்டும் மழையையும் எழுதினான்.

“என்னலே எழுதுத?”

“வருதே, எழுதாம எப்படி இருக்க? குதிரை கன்னாபின்னான்னு அடிக்கி. தண்ணி மட்டும் ஒரே சேதிதான் அனுப்புது.”

நோட்டைப் பார்த்தேன். கட் கட் கட் கடா. கட் கடா. பக்கம் பக்கமாக வி, ஏ என்று ஒரே சொல்: வா.

தூக்கம் போயிற்று, சோறு போயிற்று. கைலாசம் சார் அவனைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “நாலு நாள் அருவியில தலையக் குடுக்கட்டும். கூட நீ போ. தெளியலைன்னா அவங்க அப்பாவுக்குக் காயிதம் போட்டுட்டுப் பேரை அடிச்சிருவேன்.”

சித்தம் கலங்கியவர்களைச் சங்கிலியோடு கொண்டுவந்து குற்றாலத்தில் நிறுத்துவது எங்கள் பக்கத்து வைத்தியம். தண்ணீர் கூப்பிடுகிறவனைத் தண்ணீரிடமே அனுப்புகிறோம் என்பது சாருக்கு உறைக்கவில்லை. நோட்டைப் படித்திருந்த எனக்கும் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள், ஐந்தருவி, பட்டப்பகல். சாரல் வலுத்ததால் ஆள் இல்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று அருவிக்குப் பக்கத்துப் பாறையில் ஏறத் தொடங்கினான். பாசிபிடித்த உச்சியில் போய்த்தான் பிடித்தேன்.

“இங்கன தெளிவா கேக்கி” என்றான்.

“என்ன கேக்கி?”

“வா. இப்பம் வா.” வேலை உத்தரவு கைக்கு வந்தவனைப்போல நிதானமாகச் சொன்னான்.

அவன் என்னைப்போல் இரண்டு மடங்கு கனம். இழுத்தால் இருவருமாகப் போவோம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தோளிலிருந்த துண்டை எடுத்தேன்.

“போகாதேன்னு சொல்லலை. கேட்ட விலைக்கே சரக்கைத் தள்ளுறவன் கூறுகெட்டவன்லா. உக்காரு. தவணைக்கு நான் பேசுதேன். அது சொல்லுறதை என் கையில தட்டு.”

மூன்று வாரத்தில் முதல்தடவையாகச் சிரித்தான். “தண்ணிகிட்ட பேரம் பேசுவியாலே?”

“எங்கப்பா மலையாளத்து யாவாரிகிட்டயே பேசுனவரு.”

உட்கார்ந்தான். துண்டுக்கு அடியில் என் உள்ளங்கையில் தட்டினான். வா. நான் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். தட்டுவது நின்றது. கை விலகி, என் விரல் ஒன்றை மட்டும் பிடித்தது. சரியான வியாபாரிப் பிடி. சாரலில் கை ஜில்லிட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி ஐந்து. அது இரண்டுக்கு வந்தது. எங்கள் கடைத் தந்திரப்படி கோபித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தேன். இழுத்து உட்காரவைத்தது. ஐந்து விரலையும் பிடித்து அமுக்கியது.

“முடிஞ்சிட்டுலே” என்று நிமிர்ந்தேன்.

நம்பிராஜன் எனக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தான்.

“எப்பம்லே கையை எடுத்த?”

“அப்பமே எடுத்துட்டேன். சத்தம் நின்னுட்டு. நீ என்ன, கல்லைப் பிடிச்சு அமுக்கிக்கிட்டு இருக்க?”

துண்டை எடுத்தேன். ஈரப் பாறைதான் இருந்தது.

பாதி இறங்கும்போதுதான் பிழை தெரிந்தது. பதற்றத்தில் என்ன ஐந்து என்று நான் வாயால் சொல்லவே இல்லை: நாளா, வாரமா, மாதமா, வருஷமா?

பேரம் முடிந்த ஐந்தாம் நாள் விடிந்ததிலிருந்து அவனை விட்டு அசையவில்லை. “என்னலே, பொண்டாட்டி மாதிரி பின்னாலயே வாற?” என்றான். பொழுது சாய்ந்ததும் மெல்லக் கேட்டேன்: “இன்னைக்கு என்ன கேக்கி?” அரைமணி நேரம் சொன்னான். அன்று தூங்கினான். அதற்குப் பிறகு தினமும் கேட்டேன். எனக்கு முடியாத நாளில் பக்கத்து மேசைச் சுடலையாண்டி கேட்டான். கைலாசம் சார் காகிதம் போடவில்லை, நாளடைவில் அவரே, “என்னடே, இன்னைக்கு என்ன சேதி?” என்று கேட்கத் தொடங்கினார்.

ஐந்தாவது வாரம் தேர்வு. அவன் முதல், நான் தோற்று எலுமிச்சைக்கே திரும்பினேன். ஐந்தாவது மாதம் அவனுக்கு ராஜஸ்தானத்தில் தண்ணீர் கிடைக்காத ஓர் ஊரில் வேலை. மாதக் கெடு முடிகிற தேதிக்கு ஒரு தந்தி அடித்தேன்: என்ன கேக்கி? பதில் வந்தது: மணல் பேசாது.

மிச்சம் இருந்தது ஐந்து வருஷம். 1964 ஆடியில் எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அந்தத் தேதிக்கு முதல்நாள் அவன் கடை வாசலில் பெட்டியோடு நின்றான்.

“என்ன அஞ்சுன்னு சொல்லாம விட்டுட்டேன்னு நீ தூக்கத்துல உளறுவலே. எனக்கு அப்பமே தெரியும். எந்திரி, போவோம்.”

அதே பாறை, அதே சாரல். அவனை இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். துண்டை விரித்தேன்.

“விரலுக்குப் பத்து. வருசக் கணக்கு” என்று அருவிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன்.

வந்தது. ஜில்லென்று. மூன்றில் நின்றது, நாலுக்கு ஏறியது. எழுந்தேன், இழுத்தது. ஐந்தையும் பிடித்து அமுக்கியது. விடுவதற்கு முன்னால் என் சுண்டுவிரலை மட்டும் தனியாகப் பிடித்து இன்னொருமுறை அமுக்கியது.

“என்னலே சொல்லுச்சு?”

“உனக்கு அம்பது வருசம் குடுத்துட்டு” என்றேன். சுண்டுவிரலில் அது கேட்ட கொசுறைப் பற்றிச் சொல்லவில்லை. அதற்குக் கணக்கு என்ன என்று அதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கூரை ஒழுகி என் இருக்கைக் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது. கட் கட் கட் கடா. கட் கடா. நம்பிராஜன் கம்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“குத்தாலிங்கம், ஒனக்கு என்னலே கேக்கி?”

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு ஈரத் துண்டை எடுத்து அவன் மடியில் போட்டு, அதற்கு அடியில் என் கையைக் கொடுத்தேன்.