ஆண்டியப்பனின் பில்லியர்ட்ஸ் கம்பு

சவப்பெட்டிக்குள் அப்பாவின் வலது கைப்பக்கம் செருகியிருந்த பில்லியர்ட்ஸ் கம்பைக் கிருஷாந்தி உருவி வெளியே எடுத்தாள்.

"என்னாடி செய்ற? அண்ணன் உசுரா வச்சிருந்த கம்பு. அவரோடயே போகட்டும்," என்றார் அதை வைத்த சின்னராசா சித்தப்பா.

"அப்பா வேற மாதிரி சொன்னாங்க சித்தப்பா."

சொன்னது நேற்றுக் காலையில். அம்மா அழகம்மா வெந்நீர் எடுக்க அடுப்படிக்குப் போயிருந்தாள். அப்பா மூலையில் சாத்தியிருந்த கம்பைக் கண்ணால் காட்டி, "செஞ்ச கையிலயே குடுத்துரு புள்ள" என்றார். யாரு செஞ்சது என்று அவள் கேட்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. இருமல் நின்றபோது மூச்சும் நின்றிருந்தது. வாழ்நாளெல்லாம் வாய் ஓயாத மனுசன், சொல்ல வேண்டிய ஒரே ஒரு பேரை விழுங்கிக்கொண்டு போய்விட்டார். அழுகைக்கு நடுவிலும் அவர் மேல் அவளுக்குக் கோபமாக வந்தது.

மூன்று மணிக்குப் பெட்டியை எடுக்க வேண்டும். அதற்குள் ஆளைக் கண்டுபிடித்து, அப்பா முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். அப்பா பார்க்கப் போவதில்லைதான். ஆனாலும்.

இஸ்தோப்புத் திண்ணையில் சரிபுதீன் நானா உட்கார்ந்திருந்தார். பொகவந்தலாவை பஜாரில் அவருடைய இரும்புக் கடைக்கு மேல்மாடியில்தான் பந்தடிக்கிற பில்லியர்ட்ஸ் மேசை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அப்பா ஆண்டியப்பனைத் தோட்டத்து லய வீட்டில் தேடவே வேண்டாம்.

நானா கம்பை வாங்கி ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். "எனக்கிட்ட சொன்னது சிங்கப்பூர்லருந்து வந்துச்சுண்டு. சும்மா கதை, மகள். கடைச் சாமான்ல எங்கயாவது ஒரு பேரு, ஒரு முத்திரை இருக்கும். இதுல ஒண்டுமில்ல. ஆனா ஒண்டு, இந்தப் பனியில என்ட கம்பெல்லாம் ஒரு வருசத்துல கோணிப் போகுது. இது முப்பது வருசமா அப்படியே நிக்குது."

"எங்கிட்ட வெள்ளக்கார தொர குடுத்ததுன்னான்," என்றார் பக்கத்தில் இருந்த சோலைமலை. ஃபேக்டரி தச்சர், அப்பாவின் கூட்டாளி.

"நான் நீங்கதான் செஞ்சீங்கன்னு நெனச்சேன் மாமா."

"நான் செஞ்சா நான் செஞ்சேன்னு ஊரெல்லாம் சொல்லிருக்க மாட்டேனா?" சோலைமலை கம்பில் விரலை ஓட்டினார். "இது தச்சன் வேல இல்ல புள்ள. இழைப்புளி படல. கண்ணாடிச் சில்லால சீவிருக்கு. எத்தனையோ மழையும் வெயிலும் தின்ன கம்பு, அதான் கோணல." கைப்பிடியில் சுற்றியிருந்த நூல்கயிற்றை அவிழ்த்துப் பார்க்க முயன்றார். முடிச்சு அசையவில்லை. "இதென்னா சனியன் பிடிச்ச முடிச்சு!"

கிருஷாந்தி முற்றத்தில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவரிடமும் போனாள். ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். ஒருவருக்குக் கொழும்பு, ஒருவருக்குக் கண்டி ஜெயில். துக்க வீடு என்பதை மறந்து நாலு பேர் சிரித்தேவிட்டார்கள். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மூன்றடிக்கப் பத்து நிமிடம். எடுப்பதற்கு முன்னால் கால்கட்டை அவிழ்க்க வேண்டும். அப்பாவின் இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியோடு சித்தப்பா மல்லுக்கட்டினார்.

"யாரு போட்டது இத? அசைய மாட்டேங்குதே!"

"தள்ளுங்க தம்பி." காலையிலிருந்து பெண்களுக்கு நடுவே தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அழகம்மா எழுந்து வந்தாள். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த கட்டைவிரலை மடிப்புக்குள் விட்டு ஒரே இழுப்பு. கட்டு அவிழ்ந்து விழுந்தது. "கொழுந்துக் கூடக் கயிறு முடிச்சு. இழுக்க இழுக்க இறுகத்தான் செய்யும்."

கிருஷாந்தி தன் கையிலிருந்த கம்பைப் பார்த்தாள். அதே மடிப்பு. நுனி அதே போல உள்ளே செருகியிருந்தது.

"அம்மா, இத நீயா செஞ்ச?"

"பின்ன யாரு?"

"காலையிலருந்து நாயா அலையிறேன். சொல்றதுக்கென்ன?"

"எங்கிட்ட யாரு கேட்டா?"

அழகம்மா பெட்டியைப் பார்த்தே பேசினாள்.

"என்னோட மட்டக்கம்பு அது. கொழுந்து மட்டம் பாக்க செடி மேல வச்சு, மேல நீட்டுறத ஒடிப்போமே, அது. நானா கடக் கம்பு கோணலு, அதான் தோத்தேன்னு மூணு நாளு மூஞ்சத் தூக்கி வச்சிருந்தாரு. லயத்துலயே நேரா இருந்தது என் கம்புதான். சீவி, நுனிக்கி செருப்புத் தோலு வச்சுக் குடுத்தேன். மறுநா கம்பில்லாம மலைக்கிப் போயி கங்காணிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். இவரு என்னடான்னா சிங்கப்பூருங்கிறாரு, தொரங்கிறாரு. பொண்டாட்டி செஞ்சதுன்னா சிரிப்பாங்களாம். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எம் பேரச் சொன்னாரா?"

"நேத்துச் சொன்னாங்கம்மா. செஞ்ச கையிலயே குடுக்கச் சொன்னாங்க."

அழகம்மா கம்பை வாங்கவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்தாள். "கூறு கெட்ட மனுசா," என்றாள். "நான் வெந்நியோட வர்ற வரைக்கும் இருந்திருக்கக் கூடாதா?" பிறகு அப்பாவின் நெஞ்சில் முகத்தை வைத்து, நேற்றிலிருந்து அழாத அழுகையையெல்லாம் அழுதாள். சரிபுதீன் நானா தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தப்பு மேளம் முழங்கிற்று. பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் லயத்துக் கோடி வரைதான் போக வேண்டும். அங்கிருந்து தேயிலைக்கு நடுவே பாதை கீழே இறங்குகிறது. அங்கே வந்ததும் அழகம்மா கையை நீட்டினாள். கிருஷாந்தி கம்பைக் கொடுத்தாள்.

ஊர்வலத்தின் வெள்ளைக் கொடிகள் வளைவில் மறைந்தன. தப்புச் சத்தமும் தேய்ந்தது. பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி நடந்தார்கள். அழகம்மா மட்டும் ஓரத்துச் செடியின் மேல் கம்பைக் குறுக்கே வைத்து, குனிந்து மட்டம் பார்த்தாள். கம்புக்கு மேலே மூன்று கொழுந்து நீட்டிக்கொண்டிருந்தது. அவற்றை ஒடித்து மடியில் போட்டுக்கொண்டாள்.