கருகிய பூண்டு

என் சமையலில் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவள் என் மனைவி. கல்யாணமான பத்தொன்பது வருடத்தில், நான் வைத்த எதையும் அவள் ‘நல்லாயிருக்கு’ என்று சொன்னதே கிடையாது. எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். சண்டை போட்டுக்கொண்டேதான் சாப்பிடுவோம்.

இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு எதைக் கொடுத்தாலும் ‘நல்லாயிருக்கு’ என்று மென்றுவிட்டு எழுந்துபோவாள். அதைக் கேட்டாலே, பழைய திட்டே தேவலை என்றிருக்கும்.

அவள் தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. பாத்திரம் கழுவும் அக்காதான் யாருக்கும் தெரியாமல் ருசி பார்த்துச் சொல்லிக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். புதன்கிழமை அக்கா லீவு. போட்ட உப்பையே இவள் மறுபடியும் சூப்பில் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் சமைத்துக் காட்ட வேண்டும். சொதப்பினால் அடுப்படி வேலை போய்விடும்.

சனிக்கிழமை மதியம் அவள் வருவதற்குள் பாஸ்தாவைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். பூண்டை நறுக்கி எண்ணெயில் போட்டுவிட்டு மீன் டின்னை எடுத்தால், மூடியின் வளையம் பிய்ந்து கையோடு வந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். மோட்டாரையே பிரித்து மாட்டுகிறவன் உள்ளங்கை அகல டின்னிடம் தோற்பதா? ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலுமாக மல்லுக்கட்டி முடிப்பதற்குள் பூண்டு கருகிவிட்டது.

அவளுக்குத் தெரியவா போகிறது என்று மீனை அதன் மேலேயே கொட்டினேன். அப்படி நினைத்ததற்கு அடுத்த நொடியே என்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. மிளகாய்த்தூள் தூவி, எலுமிச்சை பிழிந்து, பாஸ்தாவைப் போட்டுப் புரட்டும்போது வாசல் கதவு திறந்தது.

“பூண்டைக் கருக்கிட்டீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. “கருகல. செவந்திருக்கு.”

“எனக்கு வித்தியாசம் தெரியாதா? பூண்டு போட்டா பக்கத்துலயே நிக்கணும்னு எத்தன தடவ சொல்றது?”

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? அங்க நின்னுக்கிட்டு...”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலிலிருந்து பார்த்தால் அடுப்பு தெரியாது, நடுவில் சுவர். எட்டிப் பார்த்தேன். ஒரு காலில் செருப்போடு அவள் அப்படியே நின்றிருந்தாள்.

“மீன் வாடை வருது,” என்றாள். “எலுமிச்சயும்...”

கரண்டியோடு ஓடிப்போய் ஒரு வாய் ஊட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

“தண்ணியில உப்பே போடலயா?”

சுத்தமாக மறந்திருந்தேன். “அப்புறம்? இன்னும் சொல்லு.”

“காரம் ஜாஸ்தி. பாஸ்தா குழைஞ்சுபோச்சு. இத மனுஷன் சாப்பிடுவானா?” திட்டிக்கொண்டே அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன்.

மனுஷன் சாப்பிடாததை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, வாணலியையும் வழித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“அக்கா, திங்கக்கிழம நீங்க லீவு போட்டாலும் பரவாயில்ல.”