குன்றைச் சுற்றி வரும் பாதை

ஓடுபாதைக்கு நேர் எதிரே குன்று. சரக்கு விமானங்கள் அதைச் சுற்றி வளைந்து வந்துதான் தரை தொட வேண்டும். இதுவரை விமானிகள் கையால் ஓட்டிவந்த அந்த வளைவை விமானமே தானாக ஓட்டிவர, பொறியாளரான அவள் மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தாள். இரண்டு முறை சோதித்தார்கள். இரண்டு முறையும் வளைவின் பாதியில் பின்காற்று தள்ள, விமானம் வெளியே ஒதுங்கியது. விமானி கைப்பிடியைப் பிடித்துவிட்டார். கை பட்டால் சோதனை செல்லாது. இன்று மூன்றாவது. இதுவும் போனால் திட்டத்தை மூட்டை கட்டிவிடுவார்கள்.

விமானி வேறு யாருமில்லை, அவள் அக்கா புருஷன்.

“மாமா, இந்தத் தடவை பாதியில இன்னும் அதிகமா சாயும். காத்து தள்ளுறதுக்கு முன்னாடியே சாயச் சொல்லியிருக்கேன். பதறிடாதீங்க,” என்றாள், விமானிகளுக்குப் பின்னால் இருந்த சிறு இருக்கையில் பட்டையை இறுக்கிக்கொண்டே.

“பதறுறதா? உங்க அக்காவோட பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்துறவன்மா நான்!”

துணை விமானி குபீரென்று சிரித்தார்.

“ஆனா ஒண்ணு. கொழுந்தியாளாச்சேன்னு தாட்சண்யம் பாக்க மாட்டேன். தப்பாத் தெரிஞ்சா பிடிச்சிடுவேன்.”

“தப்பாத்தான் தெரியும் மாமா. ஆனா தப்பு இல்ல.”

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

வளைவு தொடங்கியது. இடது ஜன்னல் முழுக்கக் குன்று. பாறை இடுக்கில் மேய்ந்த ஆடுகளைக்கூட எண்ணலாம். பாதி வந்ததும், விமானம் குன்றின் பக்கமே இன்னும் சாய்ந்தது. அவர் கை மடியிலிருந்து எழும்பியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கைப்பிடிக்கு நாலு விரற்கடை தள்ளி அந்தக் கை அந்தரத்தில் நின்றது.

காற்று வந்து மோதியது. விமானம் துளியும் ஒதுங்கவில்லை.

அவர் கையை மெல்ல இறக்கி, தொடைக்கடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

குன்று விலகியது. இறக்கைகள் சமமாயின. சக்கரங்கள் தரை தொட்டதே தெரியவில்லை.

“பூ மாதிரி இறக்கிட்டீங்க கேப்டன்!” என்றது கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வந்த குரல்.

“நான் எங்க இறக்கினேன்? என் கொழுந்தியா இறக்கினா.”

“அவங்களும் பைலட்டா?”

“சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பதினஞ்சு வருஷமா இந்தக் குன்றைச் சுத்துறேன் சார். இவ்வளவு சுத்தமா நான் ஒரு தடவைகூட சுத்தினதில்ல. அப்படியே எழுதிக்குங்க.”

பட்டையை அவிழ்க்கக்கூட மறந்து, அவள் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.