எதிர்ப்பக்கம் பிடித்தவர்

எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கட்டடக்கலைப் படிப்புக்கு எனக்கு மூன்று மதிப்பெண் குறைந்த பிறகுதான் இது எவ்வளவு பெரிய குறை என்று தெரிந்தது. பல்கலைக்கழகத்தில் ‘அசாதாரணத் தனிப்பட்ட இன்னல்’ என்ற பிரிவில் ஒரே ஓர் இடம் இருந்தது. தேர்வு வருடத்தில் பட்ட துன்பத்தை முந்நூறு சொற்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்பாவிடம் போனேன். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

“அப்பா, போன வருஷம் உங்களுக்கு வேலை எதுவும் போச்சா?”

“இல்லையே. போகணுமா?”

“நெஞ்சு வலி மாதிரி ஏதாவது?”

“நல்லா சாப்பிடுறேன், நல்லா தூங்குறேன்டா.”

“அது தெரியுது.”

அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “பரீட்சையப்போ உனக்கு ஜலதோஷம் பிடிச்சுதே, அதை எழுதேன்.”

மூன்றாவது மாடியில் என்னோடு படித்த பெண் இருந்தாள். அவள் அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நான்கு மணி நேரம் மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். அப்பாவும் கிடையாது. எல்லாம் அமைந்திருந்தது. அவளும் அதே இடத்துக்குத்தான் விண்ணப்பிக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் ஆஸ்பத்திரி ஃபைலோடு படியேறி வந்தாள். ஒவ்வொரு தாளிலும் முத்திரை.

“என்னடா அப்படிப் பாக்குற?”

“ஃபைல் நல்ல கனமா இருக்கே.”

“வேணும்னா நீ வச்சுக்கோ. எங்கம்மாவையும் சேர்த்து எடுத்துக்கோ.”

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். நான் யோசித்துப் பார்த்தேன்.

லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அதனால் டயாலிசிஸ் நாட்களில் காலை ஐந்தரை மணிக்கு மாடி வீட்டம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாற்பத்து நான்கு படி இறக்கி, ஆட்டோவில் ஏற்ற வேண்டும். போன வருடம் முழுக்க அந்த நாற்காலியைப் பிடித்தவன் நான். பொய் இல்லை. இவ்வளவு நாளாக என் இன்னல் மாடியிலேயே இருந்திருக்கிறது.

உட்கார்ந்து எழுதினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவர் உரசி விரல் முட்டி தோலுரிந்தது, ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த அம்மா “மன்னிச்சுக்கப்பா” என்று முனகியது, பிறகு வகுப்பில் நான் தூங்கி விழுந்தது எல்லாம் வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் முந்நூற்று ஏழு சொல். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. சரியாக ஏழு சொல். வெட்டினேன்.

நேர்காணலில் மேசைக்குப் பின்னால் இருவர். நடுவில் கட்டுமானப் பாடம் எடுக்கும் பேராசிரியை, ஓரத்தில் குமாஸ்தா. பேராசிரியை என் தாளை இரண்டு முறை படித்தார்.

“நாற்காலியில வச்சு இறக்கினேன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா மேடம்.”

“நீங்க பின்பக்கம் பிடிச்சீங்களா, முன்பக்கமா?”

“பின்பக்கம்.”

“சரி. முன்பக்கத்தைப் பிடிச்சது யாரு?”

வாட்ச்மேன் என்று சொல்லலாம். எங்கள் கட்டடத்துக்கு வாட்ச்மேன் கிடையாது என்பது மேடத்துக்குத் தெரியாது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ஆனால் முன்பக்கம் பிடிப்பவர் படியைப் பார்க்காமல், பின்னோக்கியே இறங்க வேண்டும். பாரம் முழுக்க அவர் மேல்தான் சரியும். ஒரு வருடமாக அவள் ஒரு நாள்கூடத் தடுக்கியதில்லை. நானோ பின்னால் நின்றுகொண்டு இரண்டு முறை தடுக்கியிருக்கிறேன். இன்னலில் மட்டுமல்ல, படியிறங்குவதிலும் அவள்தான் முதல்.

“அவங்க பொண்ணு, மேடம். வெளிய உக்காந்திருக்கா. அடுத்த நம்பர்.”

பேராசிரியை அடுத்த ஃபைலை எடுத்துப் பிரித்தார். “இதுல நாற்காலியே இல்லையே. ‘அம்மாவுக்கு டயாலிசிஸ். சில நாட்கள் பள்ளிக்கு வர இயலவில்லை. ஆவணங்கள் இணைப்பு.’ அவ்வளவுதான் இருக்கு.”

“அவளுக்கு எழுத வராது மேடம்.” அன்று முழுவதும் நான் மகிழ்ச்சியாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

“உங்களுக்கு வருதே,” என்று ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். “கூட இருந்து பாத்தவங்க சாட்சிக் கடிதம் குடுக்கலாம். உறவுக்காரங்களா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கட்டாயம் ஒண்ணும் இல்ல.”

“குடுத்தா சீட் அவளுக்குப் போயிடுமே, மேடம்.”

“போகலாம்.”

பேனா மூடியைத் திறந்தேன். பிறகு முன்பக்கத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். ஒன்றரைப் பக்கம் போனது. கையெழுத்துக்குக் கீழே விண்ணப்பதாரருக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று போடச் சொன்னார் குமாஸ்தா. ‘போட்டியாளர்’ என்று எழுதினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். “கீழ் வீடுன்னு போடுங்க தம்பி, போதும்.”

அடித்துவிட்டுப் போட்டேன். மறுபடி படித்துப் பார்த்தால், என் விண்ணப்பத்தைவிடப் பிரமாதமாக வந்திருந்தது. இவளுக்கு மட்டும் எல்லாம் எப்படித்தான் இப்படி அமைகிறதோ என்ற எரிச்சலோடு தாளை நீட்டினேன்.