படத்தில் இல்லாதது

எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். எல்லாமே நூறு வயது தாண்டியவை. தாழ்ந்த கூரை, முன்னால் அகலமான வராந்தா, அடியில் பருத்து மேலே மெலிந்து போகும் தூண்கள். உள்ளே சுவர் முழுக்கக் கருமரம். கலிபோர்னியாவின் இந்தப் பசடீனாவில் வருஷம் பூரா வெயில் கொளுத்துகிறது, நாங்கள் நட்டநடு மதியத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு காபி குடிக்கிறோம். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, நாங்களே விரும்பி வாங்கிய இருட்டு.

இங்கே ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் பழைய வீடுகள் பாதுகாப்புக் குழு சம்மதிக்க வேண்டும். குழு என்றால் எதிர்வீட்டு பிரெஸ்காட். ஓய்வுபெற்ற பல் டாக்டர், பிடுங்கிப் பிடுங்கியே பழகிய கை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆகப் பழைய புகைப்படம் ஒன்றை ஃபைலில் வைத்திருக்கிறார். அதில் இருந்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் கூடாது. ஒருமுறை என் கதவுக்கு நீலம் அடித்தேன். "படத்துல நீலம் இல்லை டெல்மா" என்றார். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். தனக்குத் தெரியும் என்றார். அந்த மனுஷனோடு என்ன பேச?

மார்ச் மாதம் என் புருஷன் வெர்னனுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார், இடது கையும் காலும் வரவில்லை. மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம். வீட்டு வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இருந்தால்தான் அனுப்புவோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். முன்வாசலில் ஐந்து படி. பின்வாசலில் பதினொன்று, அதுவும் ஏணி மாதிரி.

குழுவிடம் போனேன்.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு டெல்மா. ஆனா உங்க வீட்டு 1911 படத்துல ரேம்ப் இல்லையே" என்றார் பிரெஸ்காட்.

"உங்க வாசல்ல நிக்கிற எலக்ட்ரிக் கார் மட்டும் உங்க படத்துல இருக்கா?"

"கார் நகரும். நகர்ற பொருள் கணக்குல வராது."

"அப்போ என் புருஷன் எங்க போவார்?"

"எவ்வளவோ நல்ல இல்லங்கள் இருக்கே. எல்லாம் புதுக் கட்டடம், வசதியா இருக்கும்."

வெர்னன் தினமும் சாயங்காலம் போன் பண்ணுவார். "இன்னிக்கும் பச்சை ஜெல்லிதான் குடுத்தானுங்க. எப்போம்மா என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ?" அடுத்த வாரம் என்பேன். நாலு மாதம் இப்படியே அடுத்த வாரமாக ஓடியது. ஒருநாள் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

அன்று, பிரெஸ்காட் முன்பே கொடுத்திருந்த 1911 படத்தின் நகலை எடுத்து வைத்து முறைத்துக்கொண்டிருந்தேன். படம் வாசற்படிக்கு மேலேயே நின்றுவிட்டது. கீழே கத்தரித்த மாதிரி இருந்தது. நேரே நகர நூலகத்துக்குப் போய் மூலப் படத்தைக் கேட்டேன். அதைப் பார்த்ததும் நான் போட்ட சிரிப்பில் நூலகப் பெண் பயந்தே போனாள். வீட்டின் முதல் சொந்தக்காரர் குடிவந்த நாள் அது. ஐந்து படிகளையும் மூடி அகலமான பலகைச் சரிவு. அதில் தொப்பி வைத்த மூன்று பேர் ஒரு பியானோவைத் தள்ளி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் அதை மேஜையில் வைத்தேன். பிரெஸ்காட் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆயிற்று.

"இது சாமான் ஏத்துறப்போ போட்டது டெல்மா. பார்க்க அசிங்கமா இருந்துச்சு, அதான் வெட்டினேன்."

"படத்துல இருந்தா இருக்கலாம். சொன்னது நீங்கதானே?"

குழுவில் இருந்த மற்றவர்கள் ஆமென்று தலையாட்டினார்கள். எட்டு நிமிஷத்தில் அனுமதி. அதே மரம், அதே அகலம், படத்தில் இல்லாததால் கைப்பிடி கூடாது என்று மட்டும் பிரெஸ்காட் எழுதிக் கொடுத்தார். போகட்டும், பிடித்துக்கொள்ள நான் இருக்கிறேன்.

வெர்னனை நான்தான் தள்ளி ஏற்றினேன். உள்ளே வந்ததும் என் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "லைட்டைப் போடு, ஒரு எழவும் தெரியல" என்றார்.

அக்டோபரில் வீடு பார்க்கும் திருவிழா. ஊரெல்லாம் சீட்டு வாங்கிக்கொண்டு, செருப்புக்கு உறை மாட்டிக்கொண்டு எங்கள் வீடுகளுக்குள் நுழையும். பிரெஸ்காட் ஒரு பித்தளைத் தகட்டோடு வந்து எங்கள் வாசலில் அறைந்தார். 'பியானோச் சரிவு, 1911. அசல் வடிவம்.' வெட்டி எறிந்தவரே இப்போது நாற்பது பேருக்கு அதன் மகிமையை விளக்கினார். எல்லாரும் செல்போனைத் தூக்கினார்கள்.

சரிவின் உச்சியில், தினமும் போல, வெர்னன் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

பிரெஸ்காட் குனிந்து குழைந்தார். "வெர்னன், ஒரு நிமிஷம் உள்ள போயிடுறீங்களா? படத்துல அந்த நாற்காலி விழுது. அது அந்தக் காலத்தது இல்ல பாருங்க. நகர்றதுதானே?"

பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் வெர்னன் நல்ல கையால் சக்கரத்தின் பிரேக்கை இழுத்துப் போட்டார்.

"முடியாது பிரெஸ்காட். இந்தப் பலகையை எதுக்குப் போட்டாங்க? பியானோ ஏறத்தானே?" வாய் கொஞ்சம் கோணியது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெருமுனை வரை கேட்டது. "நான்தான்யா அந்தப் பியானோ. படம் எடுக்கச் சொல்லு."