தொட்டிலை ஆட்டப் போன கம்ப்யூட்டர்

பல் டாக்டரான மாப்பிள்ளைக்கு ஓய்வு என்றால் திருப்புளியும் கையுமாக உட்காருவதுதான். மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது, தொட்டிலைத் தானாக ஆட்டும் கருவி ஒன்று செய்யக் கிளம்பினார். அதற்கு மூளையாக, தீப்பெட்டி அளவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கினார். மின்சாரத்துக்கு அவர் கண்டுபிடித்த இடம் மாமனாரின் கம்ப்யூட்டர்.

மாமனார் பிழை திருத்துபவர். ஒரு பாடப்புத்தகத்தின் பக்கங்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யூ.எஸ்.பி.ல அஞ்சு வோல்ட் சும்மாதானே வருது மாமா. புரோகிராமையும் அதே ஒயர்ல ஏத்திக்கலாம்" என்று மாப்பிள்ளை மேஜைக்கடியில் நுழைந்தார்.

போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது.

"இதைப் பாத்தா பாப்பா தூங்கிடுமா?"

"இது சோதனை மாமா. மோட்டார் இனிமேதான்."

"நிதானமா செய்யுங்க. அவ காலேஜ் போறதுக்குள்ள ஆடினா போதும்."

மோட்டாரை இணைத்ததும் வெறும் தொட்டில் அழகாக ஆடியது. குழந்தையின் எடைக்குப் பதிலாக மாமனாரின் அகராதிகளை அதில் அடுக்கினார் மாப்பிள்ளை. மோட்டார் ஒருமுறை முனகிவிட்டு நின்றது. திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. கீபோர்டும் மவுசும் வேலை செய்யவில்லை.

"மாப்பிள்ளை, என் எலி செத்துப்போச்சு" என்றார் மாமனார். "திருத்தின பக்கத்தை இன்னும் சேவ் பண்ணல."

மாப்பிள்ளை பதறிப்போய் ஒயரைப் பிடுங்கினார். சற்று நேரத்தில் மவுசுக்கு உயிர் வந்தது. மாமனார் முதல் வேலையாகப் பக்கத்தைச் சேமித்தார்.

"குருவி தலையில பனங்காயை வச்சுட்டேன் மாமா. இந்த யூ.எஸ்.பி. குடுக்கிறது அரை ஆம்பியர். மோட்டார் கிளம்பும்போது ரெண்டு மடங்கு இழுக்குது."

"ஓசின்னா மோட்டாருக்கும் பசி அதிகம் போல."

மறுநாள் மோட்டாருக்கென்று தனி அடாப்டர் வந்தது. போர்டு மட்டும் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. ஆனால் போர்டு என்ன சொன்னாலும் மோட்டார் கேட்கவில்லை, நடுங்கியதோடு சரி.

கிளினிக்கில் ஒருவருக்குப் பல்லில் கம்பி கட்டும்போதுதான் மாப்பிள்ளைக்குப் பொறி தட்டியது. அடாப்டரின் மைனஸ் ஒயரையும் போர்டின் மைனஸ் ஒயரையும் அவர் ஒன்றாகச் சேர்க்கவேயில்லை; சேர்க்காவிட்டால் போர்டு சொல்வது மோட்டாருக்குப் போய்ச் சேராது. தன்னை நினைத்து அவர் சிரித்ததில், வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர் மிரண்டுபோனார்.

அன்று மாலை ஒயர்களைச் சேர்த்ததும் அகராதிகள் சீராக ஆடின. பிறகு மாப்பிள்ளையின் மனைவி தொட்டிலின் விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு குழந்தையைக் கிடத்தினாள். மோட்டார் ரீங்காரமிட்டது. குழந்தை கண்களை அகல விரித்து, சத்தம் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தது.

"இவளுக்கு இருந்த தூக்கமும் போச்சு. கழட்டிடுங்க" என்றாள் மனைவி.

மாப்பிள்ளையின் முகம் வாடியது. மாமனாரிடமிருந்து கேலி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. திரும்பிப் பார்த்தால், நாற்காலியில் சாய்ந்தபடி அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

மனைவி அதை மெல்லக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"ஓடட்டும் விடுங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "நிறுத்தினா அப்பா முழிச்சிடுவார்."