நாற்பத்திரண்டாவது அடி

ஏர்னஸ்ட் பத்து வயதில் மன்னாரிலிருந்து ஆக்லாந்துக்கு வந்தவன். வாரநாட்களில் மனுரேவாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். சனிக்கிழமைகளில் ஓர் உள்ளூர் லீக்கில் பேஸ்போல் ஆடினான். கிரிக்கெட்டில் பழகிய கை என்பதால், தாழ்ந்து வரும் பந்தை அவனைப் போல் அடிக்க அந்த லீக்கில் ஆளில்லை. மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டதுமே கால்கள் முதல் பேஸ் என்னும் வெள்ளைத் திண்டை நோக்கிப் பாய்ந்துவிடும். தலையைத் தூக்கிப் பாராமல் ஓடு என்றுதான் பயிற்சியாளர் அவனைப் பழக்கியிருந்தார்.

பந்தை அடித்துவிட்டு ஓடி, எதிரணி அதை எடுத்து அங்கே எறியுமுன் முதல் பேஸைத் தொட்டால் ஓர் அடி என்று கணக்கு; பந்து முந்தினால் ஆட்டமிழப்பு. ஒரே பருவத்தில் நாற்பத்தொரு அடிகள் என்பது லீக்கின் பழைய சாதனை. 2016 பெப்ரவரி முடிவதற்குள் ஏர்னஸ்ட் அதை எட்டிப்பிடித்திருந்தான்.

அடுத்த சனிக்கிழமை எதிரணியில் பந்து வீசியவன் நரேந்திரன், பிளாட் புஷ்ஷில் குடியிருந்த மலேசியத் தமிழன். லீக்கில் தமிழர்கள் அவர்கள் இருவர்தான். நரேந்திரன் வீசிய பந்து வெளிப்பக்கமாகத் தாழ்ந்து வந்தது. ஏர்னஸ்ட் எட்டி அடித்தான். பந்து நேராகப் போய் நரேந்திரனின் இடது கண்ணில் மோதித் தெறித்தது. ஏர்னஸ்ட் ஓடினான். பேஸை மிதித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான். நரேந்திரன் மண்ணில் முகம் குப்புறக் கிடந்தான்.

இரண்டு அறுவைச் சிகிச்சைகள் செய்தும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. சாதனைக்குக் கேடயம் கொடுக்கக் கூப்பிட்டபோது ஏர்னஸ்ட் போகவில்லை. அந்த அடியை நீக்கிவிடும்படி லீக்குக்கு எழுதினான். நரேந்திரன் வீட்டுப் பக்கம் போக மட்டும் அவனுக்குத் துணிவு வரவில்லை. ஐந்தாவது வாரம் மனைவி பேர்ணடெட் கார்ச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“போய் முகத்தைக் காட்டுங்கோ. என்ன கதைக்கிறதெண்டு அங்க போய் யோசிக்கலாம்.”

நரேந்திரனின் மனைவி சுரேகா கதவைத் திறந்து உள்ளே விட்டாள். நரேந்திரன் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான், வெளிச்சம் கூசியது. ஏர்னஸ்ட் அவனுக்கு எதிரே போய் உட்கார்ந்தான்.

“நான் ஓடினனான், தம்பி,” என்றான். “பேஸில நிண்டபிறகுதான் உம்மைத் திரும்பிப் பாத்தனான்.”

“தெரியும்ணே. விழுந்து கிடக்கறப்ப உங்க காலடிச் சத்தம் கேட்டுச்சு.”

சுரேகா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இருவரும் அதைத் தொடவில்லை.

“அந்த அடிய எடுத்துடச் சொல்லி எழுதுனீங்களாமே,” என்றான் நரேந்திரன். “எடுக்க வேணாம். அன்னிக்கு நான் போட்டதுலயே நல்ல பந்து அது. வேற யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. ஆனா நீங்க ஓடுனத என்னால இன்னும் மறக்க முடியலண்ணே. மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்.”

“மறக்க வேண்டாம்,” என்றான் ஏர்னஸ்ட்.

சாதனை அப்படியே நின்றது. அடுத்த பருவத்திலும் ஏர்னஸ்ட் ஆடினான். ஆனால் ஒவ்வொரு முறை அடித்த பிறகும் அவன் பார்வை முதலில் பந்து வீசியவனிடம் போகும். அவன் நிற்கிறான் என்று கண்டபிறகே கால் நகரும். அந்த ஒரு கணத்தில் பந்து ஏர்னஸ்டை முந்திக்கொண்டு பேஸுக்குப் போய்விடும். அந்தப் பருவத்தில் பத்தொன்பது அடிகள்தான். அதற்கடுத்ததில் ஏழு. வயதாகிவிட்டதா என்று பயிற்சியாளர் கேட்டார். ஏர்னஸ்ட் ஓம் என்று சொல்லிவிட்டு, மட்டையைக் கிளப்பிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.